சொல்பேச்சு கேட்காத நாய்: ஒரு ராஜபாளையம் நாயும் அதன் வீட்டாரும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருமங்கலத்துக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் இடையே, ராஜபாளையம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் கரிசல்காட்டு ஊர். கிணற்றுத் தோட்டம், மக்காச்சோளம், பருத்தி, 14 ஆடுகள். வீட்டில் அப்பா, அம்மா, எழுபதைத் தாண்டிய அப்பத்தா, 8ஆம் வகுப்பு மகள், 4ஆம் வகுப்பு மகன் என்று ஐந்து பேர். காவலுக்கு ஏற்கெனவே 7 வயதுக் கன்னி இனப் பெண் நாய் ஒன்று இருந்தது. அதற்கு வயதாகிவருவதால், ஆனி மாதத்தில் 45 நாள் ராஜபாளையம் ஆண் குட்டி ஒன்றை வாங்கிவந்தார்கள். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, வெளிர் கண். விலையை ஏற்றுவது இந்த லட்சணங்கள்தான். கூட்டத்தில் அதிக வெள்ளையாக இருந்த குட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பத்து மாதம் கழித்து அந்த நாய் மகனைக் கடித்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை கீழே.

கவனித்தவை, கவனிக்கத் தவறியவை

முதல் ஏழு மாதம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குட்டி கூப்பிட்டால் வந்தது, பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடியது, தட்டில் சோறு விழுந்தால் எழுந்தது. உண்மையில் இவை எல்லாவற்றையும் முதலில் செய்தது கன்னிதான். அது எழுந்தால் குட்டியும் எழும், அது திரும்பினால் குட்டியும் திரும்பும். இடைவெளி அரை நொடிகூட இருக்காது என்பதால் பார்ப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஓடுவதாகத்தான் தெரிந்தது.

ஐப்பசியில் தீபாவளி. ஊர் நாய்கள் எல்லாம் கட்டிலுக்கடியிலும் மோட்டார் அறையிலும் ஒண்டிக்கொண்டிருக்க, இது திண்ணையில் கால் நீட்டித் தூங்கியது. "வேட்டுக்கே அசராத நாய்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவந்தார். கிடைத்த தடயங்களில் மிகத் தெளிவானது இதுதான். அதையே வீட்டார் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

தை மாதம் கன்னி இறந்தது. அதற்கடுத்த வாரமே இளைய நாய் கூப்பிட்டால் வருவதை நிறுத்தியது. யாராவது பின்னாலிருந்து தொட்டால் துள்ளி எழுந்தது. ராத்திரியில் தனியாக விட்டால் ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், விடாமல் குரைத்தது. கூட இருந்த நாய் போன ஏக்கம் என்று வீட்டார் நினைத்தார்கள். ஏக்கமும் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குக் காது கொடுத்துவந்த நாயே போய்விட்டது என்பது அப்போது புலப்படவில்லை.

மாசியில் பழக்குபவர் ஒருவரிடம் 12 நாள் விட்டார்கள். கூப்பிட்டும் வராவிட்டால் சுருக்குச் சங்கிலியைச் சுண்டுவது, உறுமினால் முகத்தில் அறைவது என்பது அவருடைய முறை. திரும்பி வந்த நாய் உறுமுவதை விட்டிருந்தது. யார் கையை ஓங்கினாலும் தரையோடு ஒட்டிக்கொண்டது. வீட்டார் இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் எரிச்சல் தீராது, எச்சரிக்கை மட்டும்தான் காணாமல் போகும்.

காது கேட்காதோ என்று அம்மா ஒருமுறை கேட்டிருக்கிறார். "அப்பத்தா சொன்னா மட்டும் கேக்குதுல்ல, அப்புறம் எப்புடி செவுடாகும்?" என்று அப்பா சொல்லிவிட, பேச்சு அங்கேயே நின்றுபோனது.

கடி

பங்குனிக் கடைசி, மதியம் இரண்டு மணி. நாய் உள்வாசல் நிலையை ஒட்டிக் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளியிலிருந்து வந்த மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அசையவில்லை. குனிந்து இடுப்பில் கை வைத்தான். கண் திறப்பதற்கு முன்னேயே வாய் வந்துவிட்டது. முன்கையில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. கடித்த அடுத்த நொடியே நாய் விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக் காதைத் தாழ்த்திக்கொண்டது. துரத்தவில்லை, மறுபடி கடிக்கவும் இல்லை. பின்னால் எடுத்த முடிவுக்கு இந்த விவரம் முக்கியமாக உதவியது.

பதற்றத்தில் காயத்தில் காபித்தூளை அப்பினார்கள். இது தவறு. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும்; மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில்தான் முறையாகக் கழுவினார்கள்; அதற்குள் 40 நிமிடம் போயிருந்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி மிகக் கடுமையான மூன்றாம் வகையில் சேரும் என்பதால், வெறிநோய்க் கிருமியை உடனடியாகத் தடுக்கும் எதிர்ப்புரதமான இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றிச் செலுத்தி, தடுப்பூசியை 0, 3, 7, 28ஆம் நாட்களில் தோலுக்குள் போட்டார்கள். நாய்க்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தது. அதைச் சொல்லி மருத்துவர் எதையும் குறைக்கவில்லை, அதுதான் சரி. நாயை வீட்டிலேயே கட்டி 10 நாள் கண்காணித்தார்கள், நலமாக இருந்தது.

சோதனை

அந்த 10 நாட்களுக்குள் கால்நடை மருத்துவர் காதைப் பார்த்தார். காதுக் குழாயில் அழுக்கோ சீழோ இல்லை, செவிப்பறை நன்றாக இருந்தது. காதைப் பாதிக்கும் ஜென்டாமைசின் மாதிரி ஊசிகள் போட்டதாக மருத்துவ அட்டையில் இல்லை. அதனால் கேட்கிறதா இல்லையா என்பதை நேரடியாகச் சோதித்தார்கள்.

நாயின் முகத்துக்கு நேரே கை தட்டினால் காற்று படும், கை ஆட்டமும் தெரியும். தரையை மிதித்தால் அதிர்வு போகும். எனவே சோதிப்பவர் ஜன்னலுக்கு வெளியே, சுவர் மறைவில், காற்று நாயின் பக்கமிருந்து தன் பக்கம் வீசும்படி நின்றார். நாய் விழித்தபடி மறுபக்கம் பார்க்கும்போதோ தூங்கும்போதோ மட்டும் ஒலி எழுப்பினார். மூன்று நாளில் ஒன்பது தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு ஒலி: சில்வர் தட்டில் கரண்டி, விசில், கீச்சென்னும் பொம்மை, சாவிக்கொத்து, பிஸ்கட் கவர், செல்போன் அலாரம், பைக் ஹாரன், குக்கர் விசில், கன்னியின் பழைய மணி. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் கேட்கும் நாய்கூடச் சலித்துத் திரும்பாது. ஒவ்வொரு தடவையும் மகள் உள்ளிருந்து செல்போனில் நாயின் காது மடலையும் விலாவையும் படமெடுத்தாள்.

ஒன்பதுக்கு ஒன்பதும் பூஜ்யம். தட்டுச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. இதன் காது மடல் துடிக்கவில்லை, மூச்சின் வேகமும் மாறவில்லை. பத்தாவதாக, அதே அறையில் ஒரு மக்காச்சோள மூட்டையைப் பின்பக்கமாகக் கீழே போட்டார்கள். உடனே தலையைத் தூக்கியது. பைக் வரும்போது சில நாள் எழுந்ததற்கும் தரை அதிர்வே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு காது மட்டும் கேட்கும் நாய் இதில் தேறிவிடும். காதுகளைத் தனித்தனியே உறுதிசெய்யத் தோலுக்கடியில் ஊசி மின்முனை வைத்து மூளைத்தண்டின் எதிர்வினையை அளக்கும் பேயர் சோதனை வேண்டும். இங்கே அதைச் செய்யவில்லை. ஒன்பது ஒலிக்கும் அசையாத நாய்க்கு அன்றாட நடைமுறையில் அந்த முடிவால் எதுவும் மாறப்போவதில்லை என்பதே காரணம்.

நாயின் உட்காதில், நத்தைக்கூடு போன்ற உறுப்பின் சுவரில் நிறமிச் செல்கள் இருக்க வேண்டும். முடியையும் மூக்கையும் வெளுக்கச் செய்யும் மரபுக்கூறு சில குட்டிகளில் அந்தச் செல்களையும் இல்லாமல் செய்துவிடுகிறது. அவை இல்லாவிட்டால் அந்தச் சுவரின் ரத்த ஓட்டம் கெட்டு, ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சாகின்றன. குட்டியின் காதுக் குழாய் திறக்கவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்; அடுத்த ஓரிரு வாரங்களில் இந்தச் சிதைவு முடிந்துவிடும். மருந்து கிடையாது. அதாவது 45 நாளில் கைமாறும்போதே காது போயிருந்தது, அன்றே கண்டுபிடித்திருக்கவும் முடியும். விற்றவரிடம் போனில் சொன்னபோது, "வெள்ளைன்னா ஈத்துக்கு ஒண்ணு அப்புடித்தான் இருக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்தேயிருக்கிறது.

எடுத்த முடிவுகள்

நாயை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வீட்டில் நான்கு நாள் வாக்குவாதம். கண்மாய்க்கரையில் விட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். காது கேட்காத நாயைச் சாலைப் பக்கம் அவிழ்த்துவிட்டால் லாரியில் அடிபட்டே சாகும். கடியின் தன்மை வேறு கதை சொன்னது: தூக்கத்தில் திடுக்கிட்ட கடி, ஒரே கடி, உடனே விலகல். விழித்திருக்கும்போது குழந்தைகளிடம் அது பல் காட்டியதே இல்லை. திடுக்கிடலைக் குறைக்க முடியும் என்பதால் வைத்துக்கொள்வது என்று முடிவானது. நிபந்தனைகள் நான்கு. முதல் ஆறு வாரம் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளும் நாயும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. வேலிக்கு வெளியே போனால் எப்போதும் கயிறு. சுருக்குச் சங்கிலியும் அடியும் அடியோடு நிறுத்தம். 12 மாதத்தில் கருத்தடை. இந்த வெள்ளையைக் கேட்டு இனச்சேர்க்கைக்கு இரண்டு பேர் வந்தார்கள், இருவரையும் திருப்பி அனுப்பினார்கள்.

அதிரும் கழுத்துப்பட்டை ஒன்றை இணையத்தில் வரவழைத்தார்கள். வந்ததில் மின்அதிர்ச்சிப் பொத்தானும் அதே ரிமோட்டில், அதிர்வுப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். மாறாக, ஆட்டுக்குக் கட்டும் வெண்கல மணி ஒன்றைத் தோல் பட்டையில் கோத்தார்கள். மணி நாய்க்கு இல்லை, நமக்கு. கூப்பிட்டால் வராத நாய் எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டுமே.

கைமொழி: எங்கே பிடித்தது, எங்கே சறுக்கியது

அப்பத்தா சொன்னால் மட்டும் எப்படிக் கேட்டது என்பதுதான் அடுத்த கேள்வி. அவர் நாயைக் கூப்பிடுவதை இரண்டு நாள் பார்த்ததில் விடை கிடைத்தது. மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து பெயர் சொல்லிக் கத்துவார்கள். அப்பத்தா நாய் பார்க்கும்வரை காத்திருப்பார். பார்த்ததும் வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, நான்கு விரலையும் இரண்டு தடவை தன் பக்கம் வாரி இழுப்பார். வாயும் "வா சாமி" என்று அசையும். குழந்தைகளையும் ஆடுகளையும் அவர் கூப்பிடுவது அப்படித்தான். நாய் அவர் கையைப் படித்துக்கொண்டிருந்தது.

ஆகவே புதிதாக மொழி உண்டாக்க வேண்டியிருக்கவில்லை, இருப்பதை விரித்தால் போதும். ஆனால் அடிபட்ட நாய்க்குக் கை என்றாலே பயம் என்பதால் முதல் வாரம் ஒரு சைகையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை இடுப்புக்கு மேலே போகாமல், வேகவைத்த கோழி ஈரலைக் கொண்டைக்கடலை அளவு துண்டாக்கி, ஒரு நாளைக்கு 30 துண்டு, கையிலிருந்து மட்டும் கொடுத்தார்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்கவில்லை. ஐந்தாம் நாள் கையைக் கண்டு ஒதுங்குவது நின்றது.

இரண்டாம் வாரம் 'சபாஷ்' சைகை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டி ஒரு நொடிக்குள் ஈரல். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அதன்பின் மிக முக்கியமான பாடம்: நாய் தானாக ஆளைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கட்டை விரல், ஈரல். காது கேட்காத நாயிடம் பேச வேண்டுமென்றால் முதலில் அது நம்மைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டு மற்ற சைகைகளுக்குப் போனால் எல்லாம் வீண். மூன்று வாரத்தில் தோட்டத்தில் நடக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கத் தொடங்கியது.

நான்காம் வாரம் சிக்கல். 'படு' என்பதற்குப் பயிற்சிப் புத்தகங்களில் சொல்வதுபோல உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துத் தாழ்த்தும் சைகையை மகள் சொல்லிக்கொடுத்தாள். மறுநாளிலிருந்து அப்பத்தா 'வா' என்றால் நாய் இருந்த இடத்திலேயே படுத்தது. இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் காரணம் புரியும். நம் ஊர் 'வா'வும் புத்தகத்துப் 'படு'வும் இரண்டுமே கீழே பார்க்கும் உள்ளங்கைதான். அப்பத்தாவின் கையை மாற்ற யாராலும் முடியாது, மாற்றவும் தேவையில்லை. 'படு' என்பதற்கு ஆள்காட்டி விரலால் தரையைக் குத்திக் காட்டுவது என்று மாற்றினார்கள். குழப்பம் தெளிய ஒன்பது நாள் ஆனது.

அதோடு ஆளுக்கொரு சைகை செய்வதும் தெரியவந்தது. அப்பா 'இரு' என்று சொல்ல ஒரு நாள் கையைக் காட்டுவார், ஒரு நாள் விரலை ஆட்டுவார். மகள் ஐந்து சைகைகளை, வா, இரு, படு, வேண்டாம், சபாஷ், சார்ட் அட்டையில் வரைந்து திண்ணைச் சுவரில் ஒட்டினாள். பேசாமல் சைகை மட்டும் செய்யச் சொன்னால் முகம் மரத்துப்போகிறது என்பதால் பேசிக்கொண்டே செய்வது என்று வைத்துக்கொண்டார்கள். நாய் உதட்டையோ குரலையோ படிக்காவிட்டாலும், பேச்சோடு வரும் முகபாவத்தைப் படிக்கும்.

இருட்டில் சைகை தெரியாது. டார்ச்சை நாயின் கண்ணில் அடிக்காமல் அதன் முன்னால் தரையில் இரண்டு தடவை மினுக்கி, பிறகு தன் கைமேல் அடித்துக் காட்டுவது வழக்கமானது. லேசர் விளக்கு கூடாது. புள்ளியைத் துரத்தும் வெறி பிடித்துக்கொண்டால் பிறகு நிழலைக்கூட விடாது.

உறக்கத்திலிருந்து எழுப்புதல்

உள்வாசலில் குறுக்கே படுப்பதைத்தான் முதலில் மாற்றினார்கள். திண்ணையின் மூலையில், இரண்டு பக்கமும் சுவர் இருக்கும்படி, 4 அடிக்கு 3 அடிப் பலகையைச் செங்கல்மேல் ஏற்றிப் படுக்கையாக்கினார்கள். சிமெண்டுத் தரையைக் கையால் தட்டினால் அதிர்வு அவ்வளவாகப் போகாது. பலகையின் ஓரத்தைத் தட்டினால் போகும், தட்டுபவரின் கையும் நாயின் வாயிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்கும்.

விழித்திருக்கும்போது பலகையைத் தட்டி ஈரல். அரைத்தூக்கத்தில் தட்டி ஈரல். ஆழ்ந்த தூக்கத்தில் தட்டி ஈரல். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ பத்து நாள், நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. தொடுவதைத் தனியாகப் பழக்கினார்கள்: முதலில் மூக்குக்கு முன்னால் கை, வாசனை பிடித்ததும் முன்தோளில் இரு விரல், உடனே ஈரல். எப்போதும் முன்தோள் மட்டும். இடுப்பைத் தொடவே இல்லை.

நடுவில் சித்திரைத் திருவிழா வந்தது. அழகரைப் பார்த்துவிட்டு வந்த உறவுக்கூட்டம் மூன்று நாள் தங்கியது. ஆளாளுக்குக் கையாட்டும் இருபது பேருக்கு நடுவே நாயை விடுவது முட்டாள்தனம் என்பதால் கம்பி வலைக் கதவு போட்ட மோட்டார் அறையில், பலகையோடு வைத்தார்கள். மகன் முதன்முதலாகப் பலகையைத் தட்டி எழுப்பியது ஏழாம் வாரம், அப்பா பக்கத்தில் நிற்க. நாய் கண்ணைத் திறந்தது, கொட்டாவி விட்டது, ஈரலைத் தேடியது.

நாய் சொன்னவை

மகளின் செல்போனில் இருந்த பழைய படங்களும் உதவின. கடிக்கு முன் இரண்டு தடவை, தூக்கத்தில் தொட்டபோது, அது வெற்றுக்காற்றில் வாயைக் கடித்து நிறுத்தியிருக்கிறது. வீட்டார் விளையாட்டு என்று சிரித்திருக்கிறார்கள். உதட்டை நக்குவது, முகத்தை விலக்கிக்கொண்டு கண்ணை மட்டும் ஓரத்தில் வைத்துப் பார்ப்பது, உடல் விறைப்பது, இதெல்லாம் 'போதும், தள்ளு' என்று சொல்வது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரண்டடி பின்வாங்க மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் உறுமல் திரும்பி வந்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பயிற்சி வேலை செய்ததற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

ஆறு மாதத்துக்குப் பின்

வேலி போட்ட தோட்டத்தில், நாய் பார்த்துக்கொண்டிருந்தால் 'வா'வுக்குப் பத்தில் எட்டு ஒன்பது தடவை வந்தது. பார்க்காதபோது ஒன்றும் செய்ய முடியாது. அதனால் 30 அடிக் கயிறு இன்றும் உண்டு. இரவுக் குரைப்பு பாதிக்கு மேல் குறைந்தது. பலகையிலிருந்து வீட்டின் உள்விளக்கு தெரியும்படி ஜன்னலைத் திறந்து வைத்ததே அதற்குப் பெரிய காரணம்.

ஒரு சறுக்கல். ஆவணியில் கரண்ட் போன இரவில் பால் எடுக்க வந்தவர் இருட்டில் பலகையில் இடித்துக்கொண்டார். நாய் அவர் வேட்டியைக் கவ்வி விட்டது. காயமில்லை. அதன்பின் திண்ணைக்கு முன்னே இடுப்பளவு கயிறு கட்டி, வெளியாள் வந்தால் வாசல் மணியை அடிக்கும் பழக்கம் வந்தது.

காவலுக்கு வாங்கிய நாய் காவலுக்கு உதவவில்லை. பின்னால் வரும் ஆளை அது அறியாது. இதை அப்பா ஏற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது.

இப்போது நடந்தால் எப்படிச் செய்வது

குட்டியை வாங்குவதற்கு முன்பே, 6 வார வயதில், தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவற்றிடமிருந்தும் பிரித்துத் தனி அறையில் ஒலிச் சோதனை செய்திருக்க வேண்டும். தூங்கும் குட்டிகள் நடுவே தட்டை அடித்து, எல்லாம் எழுந்தன என்று பார்ப்பது சோதனையாகாது. தீபாவளித் தூக்கத்தை அன்றே விசாரித்திருக்க வேண்டும். பழக்கப்பட்ட நாய் இறந்த பிறகு இன்னொன்றின் நடத்தை திடீரென மாறினால், ஏக்கம் என்று முடிவுகட்டுவதற்கு முன் காதையும் கண்ணையும் பார்க்க வேண்டும். 'படு' சைகையைச் சொல்லிக்கொடுக்கும் முன் வீட்டில் ஏற்கெனவே புழங்கும் கையசைவுகளை ஒருநாள் எழுதி வைத்திருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும்.

புரட்டாசியில் காவலுக்காக ஒரு செவலை நாட்டு நாய்க்குட்டி வந்தது. இந்த முறை அப்பாவே குதிருக்குப் பின்னால் நின்று சில்வர் தட்டைத் தட்டினார். குட்டி சட்டென்று தலையைத் திருப்பியது. மூலைப் பலகையில் படுத்திருந்த வெள்ளை நாய், குட்டி திரும்பியதைப் பார்த்துத் தானும் அந்தப் பக்கம் திரும்பியது. வெள்ளை நாயை உள்ளே கட்டிவிட்டு வந்து, சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்தார்கள்.